ஓதுதலும் வாசித்தலும்: தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரின் அன்றாட வேதவாசிப்பு வரலாறு

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதியோர் அனைவரும் விவிலிய மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளனர். சீகன்பால்க், பப்ரிஷியஸ், இரேனியஸ், பவர் என்னும் வரிசை மாணவர் அனைவருக்கும் மனப்பாடம். இவ்வரிசையில் ஒவ்வொரு பெயர்ப்பையும் எடுத்து, அதன் வடசொல் மிகுதியையும் தொடரமைப்புப் பிழைகளையும் சுட்டி, முன்னதைவிடப் பின்னது தேர்ந்தது என்றோ தேராதது என்றோ தீர்ப்புரைப்பது வழக்கமாகிவிட்டது. ‘கிறித்தவத் தமிழ்’ என்னும் தொடரே ஓரளவு ஏளனப் பொருளில் வழங்கியதையும் அறிவோம். இந்நூலைத் தமிழர் எப்பொழுது வாசித்தனர், எவ்வாறு வாசித்தனர், யார் வாசிக்க யார் கேட்டனர் என்னும் வினாக்கள் மட்டும் பெரும்பாலும் எழுப்பப்படவே இல்லை.

ஒருமுறை படித்து அலமாரியில் வைக்கப்படும் நூலுக்கும், நாள்தோறும் விடியலிலும் அந்தியிலும் உரக்கப் படிக்கப்படும் நூலுக்கும் நடை பற்றிய அளவுகோல் ஒன்றாக இருக்க முடியாது. தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரிடையே அன்றாட வேதவாசிப்பு என்னும் வழக்கம் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அவ்வழக்கம் தொடக்கத்தில் கண்ணைவிடச் செவியையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதும், அதனை உணராமல் இம்மொழிபெயர்ப்புகளைப் பற்றிய தீர்ப்பு எதுவும் நிறைவு பெறாது என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து.

சொற்கள் தரும் சான்று

முதலில் சொற்களை நோக்கலாம். தமிழில் ‘வேதம்’ என்னும் பெயர் ‘ஓது’ என்னும் வினையோடு சேர்ந்தே நெடுங்காலம் வழங்கி வந்தது. மறை ஓதப்படுவது. திருமுறையும் ஓதப்படுவது, அதனால்தான் அதனைப் பாடுவார் ஓதுவார் எனப்பட்டனர். ஓதுதலில் ஏடு இன்றியமையாதது அன்று. ஆசான் வாய்மொழியும் மாணவன் நினைவும் போதும். ‘வாசி’ என்னும் வினைக்குரிய களம் வேறு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அளித்த கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென ஒரு பங்கினை ஒதுக்குகிறது. ஒருவர் ஏட்டைப் பார்த்து வாசிக்கப் பலர் கூடியிருந்து கேட்கும் பழக்கம் தமிழகத்தில் அத்துணைப் பழமையானது. புராணப் படிப்பும் பாரதப் படிப்பும் பிற்காலம்வரை அம்மரபிலேயே நிகழ்ந்தன.

கிறித்தவத் தமிழில் நிலைபெற்ற தொடர் ‘வேதம் வாசித்தல்’. இதில் பெயர் ஒரு மரபிலிருந்தும் வினை மற்றொரு மரபிலிருந்தும் வந்து இணைந்துள்ளன. மறைக்குரிய மதிப்பு ‘வேதம்’ என்னும் பெயரால் கிடைத்தது. பாரதம் கேட்கக் கூடிய பலதரப்பட்ட கூட்டம் ‘வாசித்தல்’ என்னும் வினையால் வந்து சேர்ந்தது. திட்டமிட்டு எவரும் இவ்வாறு அமைத்தனர் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் வழக்கு நிலைபெற்ற வகை கருதத்தக்கது.

‘வசனம்’ என்னும் சொல்லின் மாற்றமும் இத்தகையதே. பொதுத்தமிழில் அது செய்யுளுக்கு எதிரான உரைநடையைக் குறித்தது. சபை வழக்கில் அதுவே எண்ணிட்ட சிறு பகுதியைக் குறிக்கலாயிற்று. ‘அதிகாரம்’ குறளின் வழியாகத் தமிழர் நன்கறிந்த சொல். அதிகாரமும் வசனமும் எண்ணப்பட்டதால், உரைநடை நூல் ஒன்று செய்யுளைப் போலவே மனனம் செய்யத்தக்கதாகவும் இடம் சுட்டி மேற்கோள் காட்டத்தக்கதாகவும் ஆனது. யாப்பு செய்துவந்த பணியின் ஒரு பகுதியை எண் செய்தது எனலாம்.

ஹாலேயிலிருந்து தரங்கம்பாடி

இவ்வழக்கத்தின் மற்றொரு வேர் ஜெர்மனியில் உள்ளது. பிலிப் யாக்கோப் ஸ்பெனர் 1675இல் வெளியிட்ட ‘பியா டெசிடேரியா’ என்னும் சிறுநூல் பக்தி இயக்கத்தின் தொடக்க ஆவணமாகக் கருதப்படுகிறது. வழிபாட்டில் குறித்த சில பகுதிகளை மட்டும் கேட்பது போதாது. குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் திருநூலை, குறைந்தது புதிய ஏற்பாட்டையாவது, கைக்கெட்டும் இடத்தில் வைத்து நாள்தோறும் வாசித்தல் வேண்டும். வாசிக்கத் தெரியாதவராயின் பிறரை வாசிக்கச் செய்து கேட்டல் வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்துகளுள் தலையாயது. இறுதியாகக் கூறப்பட்ட இந்நிபந்தனையை ஆய்வாளர் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. எழுத்தறியாதவரும் இவ்வொழுக்கத்திற்குள் அடங்குவர் என்பது தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஸ்பெனரின் வழிவந்த பிராங்கே ஹாலே நகரில் பள்ளிகளை நிறுவினார். அங்கே 1710இல் தொடங்கிய கான்ஸ்டைன் விவிலிய நிறுவனம் எளியோரும் வாங்கும் விலையில் நூலை அச்சிட்டது.

இப்பின்னணியிலிருந்து வந்தவர்களே 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும். சீகன்பால்க் தமிழ் கற்ற முறை நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. 1708இல் எழுதிய மடலொன்றில் அவர் தம் நாளொழுங்கை விவரிக்கிறார். காலையில் முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு தாம் முன்பு படித்திராத ஏடுகளைப் படித்தார். இரவில், கண்களுக்கு ஓய்வளிக்க வேண்டி, ஒருவரைத் தமிழ் ஏடுகளை வாசிக்கச் செய்து தாம் கேட்டிருந்தார். அவ்வாறு கேட்பதற்கு, தாம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுடைய நூல்களையே அவர் விரும்பித் தேர்ந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியவரின் தமிழே பெருமளவு செவிவழித் தமிழ் என்பது இதனால் பெறப்படுகிறது. அதே ஆண்டில் அவர் தொகுத்த தமிழ் நூல் பட்டியல், அவர் கேட்டும் படித்தும் அறிந்த நூல்களின் பரப்பைக் காட்டும்.

1708 அக்டோபரில் தொடங்கிய மொழிபெயர்ப்பு 1711இல் நிறைவெய்தியது. நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், எஞ்சியவை 1715இலும் அச்சேறின. இந்திய மொழியொன்றில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, தாளோ அரிது. ஆகவே பிற்பகுதிக்கெனச் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். பொறையாற்றில் தாள் செய்யவும் முயன்றனர். நாள்தோறும் இல்லத்தில் வாசிக்கப்படும் நூல் என்னும் எண்ணம் இல்லாதிருப்பின், இத்துணை இடர்ப்பட்டு அச்சிட வேண்டிய தேவை எழுந்திராது. ஓலைப்படிகளே ஆசிரியர்க்கும் உபதேசியார்க்கும் போதுமானவையாக இருந்திருக்கும்.

1719இல் சீகன்பால்க் மறைந்தபோது பழைய ஏற்பாடு ரூத் ஆகமம் வரையிலுமே தமிழில் இருந்தது. சுல்ட்சே அதனை முடித்து 1728க்குள் அச்சிட்டார். இத்தமிழ் புலவர்க்கு உவப்பானதாக இல்லை. வீரமாமுனிவர் தம் ‘வேத விளக்க’த்தில் தரங்கம்பாடியாரின் நடையைக் கடுமையாக எள்ளினார். அவர் கூறிய குறைகளில் உண்மை உண்டு. எனினும் அவர் புலமை நோக்கில் கண்ணால் படித்தவர். தரங்கம்பாடிச் சிறுவர் அதனை வேறு முறையில் பெற்றனர்.

விடியலும் அந்தியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தஞ்சையிலிருந்து தெற்கே பரவிய சபை, திருநெல்வேலிச் சீமையில் ஊர்களாகவே உருப்பெற்றது. 1799இல் முதலூர் தோன்றியது. பின்னர் நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி என்று அவை பெருகின. இவ்வூர்களின் நடுவே ஜெபக்கூடமும், அதனருகே பள்ளியும், இரண்டையும் நடத்தும் உபதேசியாரும் இருந்தனர். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் மக்களைக் கூட்டி வேதம் வாசித்து, வினவி, விடை சொல்லச் செய்யும் முறை அங்கு நிலவியது. கால்டுவெல் முதலியோரின் எழுத்துகள் இதற்குச் சான்றாகின்றன. ராட்லர் 1819இல் தமிழில் வெளியிட்ட ஆங்கிலத் திருச்சபையின் பொதுவழிபாட்டு நூலும் காலை, மாலை வழிபாடுகளுக்கு வடிவம் தந்தது.

ஊர்ச் சபைகளின் இந்நிலையை நுணுகிக் காணுதல் வேண்டும். பனையேறுவோர் பருவகாலத்தில் காலையும் மாலையும் மரமேற வேண்டியவர். பெண்கள் பதநீர் காய்ச்ச வேண்டியவர். அவர்களுள் மிகப் பலர் எழுத்தறியாதவர். ஊரில் எழுத்து வாசனை உடையவர் உபதேசியாரும் பள்ளிச் சிறுவர் சிலரும் மட்டுமே. ஆகவே வாசிப்பு என்பது ஒருவர் சொல்ல ஏனையோர் திரும்பச் சொல்லுவதாகவே இருந்தது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சொல்லப் பிள்ளைகள் பின்சொல்லும் முறையே இங்கும் தொழிற்பட்டது. முதியோர் ஒரு வசனத்தைப் பலநாள் கேட்டு, சொல் மாறாது நெஞ்சில் இருத்தினர். எழுத்தறியாத மூதாட்டியர் சங்கீதங்களை முழுமையாக ஒப்பிப்பதை அண்மைக்காலம் வரையும் தென்மாவட்டச் சபைகளில் காண முடிந்தது. இக்கட்டுரையாளரும் தம் இளமையில் அத்தகையோரைக் கண்டதுண்டு. அவர்கள் நூலைத் திறந்து மடியில் வைத்திருப்பர். தாளைப் புரட்டவே மாட்டார்கள்.

மகளிர் கல்வி இந்நிலையை மெல்ல மாற்றியது. 1820ஐ ஒட்டி நாகர்கோயிலில் மால்ட் அம்மையார் நடத்திய பள்ளியும், அதன்பின் தென்தமிழகத்தில் தோன்றிய விடுதிப் பள்ளிகளும் வாசிக்கத் தெரிந்த மகளை எழுத்தறியாத தாயின் வீட்டுக்கு அனுப்பின. ஊர்க் கூடத்தில் உபதேசியார் பெற்றிருந்த இடத்தை வீட்டில் மகள் பெற்றாள். ‘குடும்ப ஜெபம்’ என்று வழங்கும் அந்திநேர வழக்கத்தில் வாசிப்பவர் பெரும்பாலும் சிறுமியே என்பது தற்செயலன்று. குடும்பத் தலைவரே வாசிக்க வேண்டும் என்ற ஸ்பெனரின் எண்ணம் தமிழ் வீட்டில் இவ்வாறு தலைகீழாயிற்று. தந்தை கேட்பவரானார், ஏடு பெண்பிள்ளையின் கையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘பைபிள் உமன்’ என்று அழைக்கப்பட்ட ஊழியப் பெண்கள் பிற சமயத்தார் இல்லங்களுக்குச் சென்று வாசித்ததும், எழுத்துக் கற்பித்ததும் இதன் தொடர்ச்சியே. தமிழ்ப் பெண்கல்வி வரலாற்றில் இதற்குத் தனி ஆய்வு தேவை.

சொல் மாறியபோது

அன்றாட வாசிப்பு எந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது என்பதை அறியப் புள்ளிவிவரங்களைவிடச் சிறந்த சான்று ஒன்று உண்டு. அது மொழிபெயர்ப்பு மாற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு. வாசிக்கப்படாத நூலை மாற்றினால் எவரும் வருந்தமாட்டார்.

1742 முதல் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிஷியஸ் தம் புதிய ஏற்பாட்டை 1772இல் அச்சிட்டார். அங்கிருந்த அச்சுப்பொறி 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றிக் கொணர்ந்தது. 1791இல் அவர் மறைந்தபின்னரே பழைய ஏற்பாட்டின் அச்சு முற்றுப்பெற்றது. பரம்பொருளைக் குறிக்க அவர் ஆண்ட சொல் ‘பராபரன்’. இரண்டு தலைமுறையினர் அப்பெயரைச் சொல்லியே காலையில் எழுந்து இரவில் துயின்றனர்.

இரேனியஸ் இதனைத் திருத்த முற்பட்டார். 1814இல் சென்னைக்கும் 1820இல் திருநெல்வேலிக்கும் வந்த அவர் சிறந்த இலக்கண அறிஞர். மூலத்தின் தொடரமைப்பை அப்படியே பெயர்ப்பதைவிடத் தமிழ் மரபுக்கேற்பப் பொருளைத் தெளிவாகத் தருவதே முறை என்று வாதிட்டவர். இன்றைய மொழிபெயர்ப்பியலார் அவர் பக்கமே நிற்பர். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே தஞ்சையில் புயல் எழுந்தது. சுவார்ட்ஸிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), புதிய மிஷனரிமார் தம் சபைக்கு இழைத்ததாகக் கூறிய நான்கு கொடுமைகளுள் வேதநூலின் சொற்களை மாற்றியதும் ஒன்று. கவிஞரும் இலக்கியப் பயிற்சி மிக்கவருமான அவர், தெளிவான புதிய தமிழை விடுத்துக் கரடுமுரடான பழைய தமிழுக்காக வாதாடியது முரணாகத் தோன்றும். பழைய சொற்களிலேயே அவர் செவி பழகியிருந்தது. அவர் இயற்றிய பாடல்களும் அச்சொற்களின் மேலேயே எழுந்தவை. அச்சொற்களைப் பெயர்த்தெடுப்பது வீட்டின் அடிக்கல்லைப் பெயர்த்தெடுப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கும்.

எனினும் இவ்வெதிர்ப்பை முழுவதும் போற்றுவதற்கில்லை. அந்நான்கனுள் மற்றொன்று, திருவிருந்தில் சாதி வேறுபாடின்றி எல்லோரையும் ஒன்றாக்கியது பற்றிய முறையீடு. தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தே வேதம் கேட்டனர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அனுப்பிய சுற்றறிக்கை இவ்வேறுபாட்டைக் கண்டித்தபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே விலகினர். ஒரே வசனத்தை ஒரே குரலில் கேட்டவர்கள் ஒரே பாயில் அமர மறுத்தனர். கேட்டலின் வரலாற்றை எழுதுவோர் கேட்டவர் அமர்ந்த இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்; சொற்பற்றும் சாதிப்பற்றும் ஒரே முறையீட்டில் அடுத்தடுத்து நிற்பதை மறைத்துவிட்டு முன்னதை மட்டும் பாராட்டுவது நேர்மையன்று.

யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கி 1850இல் வெளிவந்த பெயர்ப்பு மற்றொரு சான்று. உரைநடை வேந்தராகப் போற்றப்படுபவரின் கைபட்ட அந்நூல் சபையாரிடையே நிலைபெறவில்லை. இலக்கியத் தகுதி ஒன்றே அளவுகோலாக இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது. பின்னர் 1857இல் பவர் தலைமையில் தொடங்கிய குழுவினர், முத்தையா பிள்ளை முதலிய தமிழறிஞரின் துணையோடு, பப்ரிஷியஸின் பெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு திருத்தினர். சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்த பவருக்கு உயர்ந்த நடை எழுதத் தெரியாமலில்லை. செவி அறிந்ததை முற்றும் அகற்றலாகாது என்னும் பாடத்தை முந்தைய கலகங்கள் கற்பித்திருந்தன. 1871இல் முழுமையாக வெளிவந்த இப்பெயர்ப்பு ‘தேவன்’ என்னும் சொல்லை ஏற்றது. லுத்தரன் சபையாரோ அதனை ஏற்காது, நெடுங்காலம் பப்ரிஷியஸையே வாசித்துவந்தனர்.

வேடிக்கை என்னவெனில், ஒரு காலத்தில் புதுமையென எதிர்க்கப்பட்ட 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பே பின்னர் ‘பழைய மொழிபெயர்ப்பு’ என்னும் பெயரோடு புனிதமாயிற்று. லார்சன் 1936இலும் மொனகன் 1954இலும் அளித்த திருத்தங்களோ, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொதுமொழிபெயர்ப்போ சீர்திருத்தச் சபையாரின் வீடுகளில் அதனை அகற்ற முடியவில்லை. ‘திருவிவிலியம்’ ஆண்ட ‘கடவுள்’ என்னும் நல்ல தமிழ்ச்சொல்லும், இயல்பான தொடர்களும் தமிழாசிரியராகிய நமக்கு உவப்பானவை. கத்தோலிக்க இல்லங்களில் அது எளிதாக வேரூன்றியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் வழியாகப் பொதுநிலையினரும் திருநூலை அடிக்கடி வாசிக்குமாறு ஊக்குவித்த பின்னரே அங்கு வீட்டு வாசிப்பு பரவலாயிற்று. ஆகவே புதிய சொற்களோடு போட்டியிடும் பழைய வாசிப்போசை அச்செவிகளில் அவ்வளவாக இல்லை. ஒரே நூல் இரு சபையாரிடம் பெற்ற இருவேறு வரவேற்புக்கு இதுவே பொருத்தமான விளக்கம் என்று கருதுகிறேன்.

அட்டவணையின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாசிப்பு அட்டவணைகள் பெருகின. எர்ன்ஹூட் நகரின் மொராவிய சகோதரர் 1731 முதலே நாளுக்கொரு வசனமாக ஆண்டு முழுமைக்கும் அச்சிட்டு வந்தனர். (இவர்களுள் ஒரு குழுவினர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாற்றின் அருகே தங்கியதும் உண்டு.) ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் மக்கெய்ன் என்னும் போதகர் 1842இல் தம் சபையாருக்காக ஓராண்டில் முழுநூலையும் வாசித்து முடிக்கும் அட்டவணை ஒன்றை அமைத்தார். சிறுவர் ஊழியமாகத் தோன்றிய அமைப்பு ஒன்று ‘ஸ்கிரிப்சர் யூனியன்’ என்னும் பெயரில் 1879 ஏப்ரல் முதல் நாள்முதல் குறிப்பிட்ட பகுதிகளை அட்டையில் அச்சிட்டு வழங்கியது. இம்முறை இந்தியாவிலும் பின்னர் வேரூன்றியது.

அட்டவணை கையில் கிடைத்தபின் வாசிப்பின் இயல்பே மாறியது. பகுதியைத் தேர்ந்தவர் முன்பு உபதேசியார். இப்பொழுது அச்சிட்ட தாள். முன்பு ஊர் கூடியது. இப்பொழுது பள்ளி மாணவன் விடியலில் தனியே அமர்ந்து, மௌனமாக வாசித்து, குறிப்பேட்டில் எழுதினான். ‘அமைதி நேரம்’ என்னும் தொடர் வழக்கில் வந்தது. பாராயணத்தில் பழகிய தமிழ்ச்சூழலில், அமைதியே பக்தியின் அடையாளம் என்பது புதுவரவு. நாள் தவறினால் குற்றவுணர்வு என்பதும் புதுவரவே. கூடிக் கேட்ட காலத்தில் ஒருவர் வராவிடின் உபதேசியார் வந்து வினவினார். தனித்து வாசித்த காலத்தில் அட்டவணையின் வெற்றுக் கட்டமே வினவியது. அட்டவணை நாள்தவறாத ஒழுங்கைத் தந்தது. எழுத்தறியாதவருக்கு இருந்த இடத்தைச் சுருக்கியது. தனிவாசிப்பு உயர்ந்ததாகக் கருதப்படவே, மடியில் நூலைத் திறந்து வைத்து நினைவிலிருந்து சொன்ன மூதாட்டி ‘வாசிக்கத் தெரியாதவள்’ ஆனாள்.

ஆயினும் குடும்ப ஜெபம் மறைந்துவிடவில்லை. பழைய குடும்பங்களில் வழிவழி வரும் வேதபுத்தகத்தின் முன்தாளில் பிறப்பும் திருமணமும் இறப்பும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதன் தாள்களை ஆய்ந்தால் எந்தப் பகுதி அடிக்கடி வாசிக்கப்பட்டது என்பதை விரல்பட்ட கறையே காட்டிவிடும். சங்கீதங்களின் ஓரங்கள் கருத்துத் தேய்ந்திருக்க, லேவியராகமம் பெரும்பாலும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். சுவடிகளையும் அச்சுப் பதிப்புகளையும் தேடித் தொகுக்கும் நம் நூலகங்கள் இத்தகைய வீட்டுப்படிகளைத் தொகுப்பதில்லை. குடும்பம் சென்னைக்கோ தில்லிக்கோ குடிபெயரும்போது அவை பழைய தாள்களோடு எடைக்குப் போகின்றன.

இன்று கைப்பேசியில் ஒலிவடிவிலும் வேதம் கிடைக்கிறது. பேருந்திலும் சமையலறையிலும் காதில் ஒலிப்பது பெரும்பாலும் 1871ஆம் ஆண்டின் தமிழே. பார்வை குன்றிய முதியோர் அதனைக் கேட்கும்போது, குரல் வசனத்தின் பாதியை எட்டுவதற்குள் மீதியை அவர்கள் உதடுகள் சொல்லி முடித்துவிடுகின்றன.